அன்ரிபயோட்டிக் முடிஞ்ச பிறகும் அம்மாவுக்கு வயிறு சரியில்லை: கப்சூல் வாங்கவோ, சாப்பாட்டை மாத்தவோ?

மல்லாவிக்_குஞ்சு:
அம்மாவுக்கு 61 வயது. சலரோகம், மெற்போமின் போடுறா. கால் புண்ணுக்கு கோ-அமொக்சிக்ளாவ் ஒரு கிழமை குடுத்தவை, அது காணாதெண்டு பிறகு வேற ஒண்டு 10 நாள். புண் ஆறிட்டுது. மருந்து முடிஞ்சு ரெண்டு கிழமையாச்சு, இன்னும் வயிறு ஊதுது, நாளுக்கு ரெண்டு தரம் இளக்கமாப் போகுது. பாமசியில "நல்ல பக்ரீரியா செத்துப்போச்சு, ஒரு மாதம் புரோபயோட்டிக் (நல்ல பக்ரீரியாக் கப்சூல்) குடுங்கோ" எண்டினம். முகநூலில மலத்தை அனுப்பி பக்ரீரியாக் கணக்குப் பார்க்கிற சோதனை ஒண்டும் வருது. அலுப்பு, மனச்சோர்வு எல்லாம் குடலாலதானாம். எதைச் செய்யிறது?

மருந்துமட்டை:
தங்கச்சி, முதல் ஆபத்து இருக்கோ எண்டு பாருங்கோ. நாளுக்கு 3 தரமோ அதுக்கு மேலயோ தண்ணியாப் போறது, காய்ச்சல், கடும் வயிற்று நோ, இரத்தம். இதில ஒண்டு வந்தாலும் அண்டைக்கே ஆசுபத்திரி. குளொஸ்ரிடியொய்டிஸ் டிபிசில் எண்ட கிருமிதான் பயம். வழமையான குடல் பக்ரீரியாக்கள் பித்த அமிலத்தை மாத்தி அதை அடக்கி வைச்சிருக்கும். அன்ரிபயோட்டிக்கில அதுகள் அழிஞ்சால் இது பெருகி நஞ்சு விடும். மருந்து நிப்பாட்டி 2, 3 மாதத்துக்குள்ளயும் வரலாம். வயிற்றோட்டத்தை நிப்பாட்டுற லோபரமைட் போட்டு மறிச்சால் நஞ்சு உள்ளுக்க தங்கும், அது வேண்டாம். அந்தக் கிருமியின்ர வித்து (தடிச்ச கூட்டுக்குள்ள உறங்கிற வடிவம்) கைக்குப் பூசுற சானிடைசருக்குச் சாகாது, சவர்க்காரமும் ஓடுற தண்ணியும்தான்.

போகேக்க பழைய மருந்து மட்டை எல்லாத்தையும் கொண்டுபோங்கோ. நெஞ்செரிவுக்கு ஒமிப்பிரசோல் வருஷக்கணக்காப் போடுறாவெண்டால் அதையும் காட்டுங்கோ, வயிற்று அமிலம் குறைஞ்சால் இந்தக் கிருமிக்கு இன்னும் லேசு.

மற்றது, மெற்போமினே வயிற்றை இளக்கும். அண்மையில அளவு கூட்டினவையோ? வெறும் வயிற்றில போடுறாவோ? மெதுவாக் கரையிற வகைக்கு மாத்தலாமோ எண்டு டொக்டரைக் கேளுங்கோ. தானா நிப்பாட்ட வேண்டாம்.

குடல்வாசி:
அந்தச் சோதனைக்குக் காசு கொட்டாதேங்கோ. இதுதான் சரியான பக்ரீரியாக் கலவை எண்டு ஒரு அளவு இன்னும் ஆருக்கும் வகுக்கப்படேல்லை. பேர்ப் பட்டியல் வரும், அதை வைச்சு ஒரு டொக்டரும் வைத்தியத்தை மாத்தமாட்டார்.

கப்சூலை அன்ரிபயோட்டிக் தொடங்கேக்கயே சேர்த்துக் குடுத்தால் வயிற்றோட்டம் சிலருக்குக் குறையும். முடிஞ்சு ரெண்டு கிழமையால குடுக்கிறது வேற கதை. 2018இல இஸ்ரேலின்ர வைஸ்மன் நிறுவனம் செய்த ஆய்வில, அன்ரிபயோட்டிக்குக்குப் பிறகு புரோபயோட்டிக் எடுத்த ஆக்களுக்கு, ஒண்டும் எடுக்காத ஆக்களை விட அவையின்ர சொந்தப் பக்ரீரியாக்கள் திரும்பி வரச் சுணங்கினது. சின்ன ஆய்வுதான், எண்டாலும் ஒரு மாதக் காசைச் செலவழிக்க முன்னம் யோசிக்க வேண்டியது.

மனச்சோர்வுக் கதை பாதி உண்மை. மனநிலையோட தொடர்புபட்ட செரொரோனின் எண்ட இரசாயனத்தில 90 வீதமளவு குடலில உண்டாகுது, ஆனா அது இரத்தத்தால மூளைக்குள்ள போகாது. அதை விட்டுட்டுச் சொல்லுறது விளம்பரம். சலரோகம், உடற்பருமன், குடல் அழற்சி எல்லாத்திலயும் பக்ரீரியாக் கலவை வேற மாதிரி இருக்குத்தான். அதுதான் நோயைக் கொண்டுவந்ததோ, நோயும் மருந்தும் சாப்பாடும் அதை மாத்தினதோ எண்டது கனக்க நோயில இன்னும் முடிவில்லை. அலுப்புக்கு முதல் சீனியையும் ஹீமோகுளோபினையும் பாருங்கோ. மெற்போமின் கனகாலம் போட்டால் பி12 குறையும், அதையும் சேர்த்து.

மல்லாவிக்_குஞ்சு:
நன்றி அண்ணை. காய்ச்சல், இரத்தம் ஒண்டுமில்லை. மெற்போமின் போன மாதம்தான் கூட்டினவை! டொக்டரிட்டக் கேக்கிறன். அப்ப எருமைத்தயிரும் பழஞ்சோறும் குடுக்கலாமோ?

குரக்கன்மா:
குடுக்கலாம், ஆனா ரெண்டும் குடலில குடியேறாது. தயிர்ப் பக்ரீரியா வந்து போறது. நிலையா இருக்கிறதுகளுக்குத் தேவை நார். அதைப் புளிக்க வைச்சு அதுகள் விடுகிற பியூற்றிரேற்று எண்ட கொழுப்பமிலந்தான் பெருங்குடல் சுவரின்ர முக்கிய சாப்பாடு. நார் இல்லாட்டில் சுவரின்ர சளிப்படலத்தையே தின்னத் தொடங்கும், எலிகளில காட்டியிருக்கினம்.

நாளுக்கு 25 கிராம் நார் இலக்கு. வெள்ளைச் சோறு 100 கிராமில அரைக் கிராமளவுதான், அவிச்ச கௌப்பி 100 கிராமில 6 கிராமுக்கு மேல. வயிறு ஊதியிருக்கேக்க ஒரேயடியாக் கூட்டினால் இன்னும் ஊதும். முதல் கிழமை மத்தியானம் 2 மேசைக்கரண்டி கௌப்பியோ பயறோ, இரவு ஊறப்போட்டு அந்தத் தண்ணியை ஊத்திவிட்டு அவிச்சு. பொறுத்தால் அடுத்த கிழமை 4 கரண்டி, பிறகு குரக்கன் புட்டு, முருங்கையிலை வறை. தண்ணி குறைஞ்சால் நார் மலத்தை இறுக்கும், கிணத்துத் தண்ணியெண்டால் கொதிக்க வைச்சு ஆத்திக் குடுங்கோ.

வீட்டில தயிர் போடுறதெண்டால் பாலைப் பொங்கக் காய்ச்சி, விரல் வைச்சால் பொறுக்கிற சூட்டுக்கு (43 பாகையளவு) ஆறவிட்டு, லீற்றருக்கு 2 மேசைக்கரண்டி உறை. 6, 8 மணித்தியாலம் சட்டியை அசைக்காதேங்கோ. சூடு கூடினால் உறை சாகும். நூல் மாதிரி இழுபட்டால், நிறம் மாறினால் ஊத்திவிடுங்கோ. சீனி, பாணி போடாமல் அரைக் கப். அடுத்த முறை சிப்றோபிளொக்சசினோ டொக்சிசைக்ளினோ எண்டு அன்ரிபயோட்டிக் எழுதினால் பால் தயிரோட சேர்த்துக் குடுக்காதேங்கோ, கல்சியம் மருந்தைப் பிடிச்சு வைச்சிரும்.

பழஞ்சோத்தில கவனம். சோத்தை மூடிச் சூட்டோட அடுப்படியில வைச்சால் பசிலஸ் சீரியஸ் எண்ட கிருமி வளரும், அது விடுகிற நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. தட்டில பரப்பிக் கெதியா ஆறவிட்டு, கொதிச்சாறின தண்ணி மூடுமளவுக்கு ஊத்தி, காலமையே முடிச்சிருங்கோ. ஒரு சின்னக் கோப்பை போதும், குடிச்சு 2 மணித்தியாலத்தால சீனி பாருங்கோ. கூடினால் பழஞ்சோத்தை விட்டுட்டுக் கௌப்பியோட நில்லுங்கோ.