இந்தியாவில் சந்தா கட்டியவர் துபாய் போனால் பார்க்கக் கூடாதா?

நெல்லைக்காரன்:
ஆபீஸ் வேலையாக சில வாரங்களுக்கு துபாய் வந்திருக்கிறேன். ஊரில் வருஷச் சந்தா முழுசாகக் கட்டிய ஆப் (பெயர் வேண்டாம்), இங்கே திறந்தால் "இந்த வீடியோ உங்கள் பகுதியில் கிடைக்காது" என்கிறது. அதே போன், அதே கணக்கு, என் காசு. விபிஎன் (வேறு நாட்டிலிருந்து நெட்டுக்கு வருவதுபோல் காட்டும் ஆப்) போட்டுப் பார்த்தால் அதில் என்ன தப்பு? யாரிடமும் திருடவில்லையே.

கணக்கர்:
திருட்டு என்று நானும் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் வாங்கியது இந்தியாவுக்குள் பார்க்கும் அனுமதி. ஒளிபரப்பு உரிமையை நாடு நாடாகப் பிரித்துத்தான் விற்கிறார்கள். 2025 ஐபிஎல்லையே பாருங்கள். இந்தியாவில் ஜியோஹாட்ஸ்டார், பிரிட்டனில் ஸ்கை, அமெரிக்காவில் வில்லோ. ஒவ்வொருவரும் தனித்தனியாகக் காசு கொடுத்திருக்கிறார்கள். இந்தியச் சந்தா எங்கே போனாலும் ஓடும் என்றால், வெளிநாட்டு உரிமைக்கு யார் பணம் கொடுப்பார்கள்? கடைசியில் அடிபடுவது படம் எடுத்தவர்தான்.

நெல்லைக்காரன்:
இந்தப் பயத்தை ஐரோப்பாவிலும் கிளப்பினார்கள் சார். என்ன ஆச்சு? 2018 ஏப்ரல் 1 முதல் அங்கே சட்டமே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒரு உறுப்பு நாட்டில் காசு கட்டிச் சந்தா எடுத்தவர் தற்காலிகமாக இன்னொரு உறுப்பு நாட்டுக்குப் போனால், அதே நிகழ்ச்சிகளைக் கூடுதல் கட்டணம் இல்லாமல் கொடுத்தே ஆக வேண்டும். உரிமை விற்பனையையும் அது உடைக்கவில்லை. பாரிஸ்காரர் ரோமில் உட்கார்ந்து பார்த்தாலும், பிரான்சில் பார்த்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. அவ்வளவுதான் சூட்சுமம். மனசு இருந்தால் வழி இருக்கிறது.

கணக்கர்:
அது ஒரே சந்தையாக வாழும் நாடுகள் சேர்ந்து போட்ட சட்டம். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறியதும் 2021 ஜனவரி 1 முதல் அந்தச் சலுகை அவர்களுக்கு இல்லை. காசில்லாமல் காட்டும் சேவைகளை அது கட்டாயப்படுத்தவும் இல்லை. நமக்கும் அமீரகத்துக்கும் அப்படி எந்த ஏற்பாடும் கிடையாது.

அப்புறம், விபிஎன் பற்றி. அமீரகத்தில் விபிஎன் வைத்திருப்பதே குற்றம் என்பது சரியல்ல. ஆனால் குற்றம் செய்யவோ மறைக்கவோ அதைப் பயன்படுத்தினால், 2021ஆம் ஆண்டு சைபர் சட்டப்படி அபராதம் 5 லட்சம் திர்ஹமில் ஆரம்பிக்கிறது. நம் பணத்தில் கோடியைத் தாண்டும். சீரியல் பார்த்ததற்கெல்லாம் பிடிப்பார்களா என்று கேட்காதீர்கள். அந்தச் சோதனைக்கு உங்களையே ஏன் வைக்க வேண்டும்?

மீனா_அபுதாபி:
அண்ணா, நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும். விபிஎன் ஒழுங்காக வேலை செய்யுமா என்பதே சந்தேகம். ஒரே ஐபி முகவரியில் (நெட் இணைப்பின் அடையாள எண்) ஆயிரம் பேர் வந்தால் ஆப்காரர்கள் கண்டுபிடித்து மூடிவிடுவார்கள். வாடிக்கையாளர் விவரத்தை 5 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று 2022இல் இந்திய அரசு உத்தரவு போட்டதும், எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்டுவிபிஎன் போன்றவர்கள் இந்தியாவிலிருந்து சர்வர்களையே எடுத்துவிட்டார்கள். இப்போது "இந்தியா" என்று காட்டுவது பல நேரம் வேறு நாட்டில் இருக்கும் சர்வர்தான். இலவச விபிஎன் பக்கமே போகாதீர்கள். அதே போனில்தானே பேங்க் ஆப்பும் இருக்கிறது!

கிளம்புவதற்கு முன்பே வீட்டு வைஃபையில் டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். ஆனால் அதற்கும் கெடு உண்டு. கெடு முடிந்து மறுபடி நெட்டைக் கேட்கும்போது சில ஆப் நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதையும் பார்க்கும்.

நெல்லைக்காரன்:
சரி, அபராதத்தைக் கேட்டபிறகு விபிஎன் வேண்டாம். ஆனால் என் கேள்வி அப்படியேதான் நிற்கிறது. "இந்தியாவில் மட்டும்" என்று காசு கட்டும் பக்கத்திலேயே பெரிசாகப் போடலாமே? விதிமுறைக்குள் எங்கேயோ பொடி எழுத்தில் ஏன் ஒளித்து வைக்கிறார்கள்?

கணக்கர்:
அதில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் பயணி யார் என்று எப்படிப் பிரிப்பீர்கள்? பத்து வருஷமாக ஷார்ஜாவில் குடியிருப்பவர், ஊரில் அப்பா நம்பரில் சந்தா எடுத்து வைத்திருக்கிறார். அவரும் பயணியா?

நெல்லைக்காரன்:
இல்லை. எமிரேட்ஸ் ஐடி (இங்கே குடியிருப்பவருக்கான அடையாள அட்டை) இருப்பவர் இங்கத்திய சந்தாதான் எடுக்க வேண்டும். விசிட் விசாவில் வந்தவர் பயணி. ஐரோப்பியச் சட்டமும் நாள் கணக்குப் போடவில்லை, எங்கே குடியிருக்கிறீர்கள் என்றுதான் கேட்கிறது. அடையாள அட்டை, பேங்க் கார்டு என்று சரிபார்க்கும் வழிகளையும் பட்டியலாகச் சொல்லியிருக்கிறது. என் போனில் இந்திய சிம் ரோமிங்கில் ஓடுகிறது, சந்தா கட்டியது இந்திய கார்டில். இதற்கு மேல் அவர்களுக்கு என்ன ஆதாரம் வேண்டும்?