சாம்பல், காற்று, மாடி வடாம்: மின் நிலையத்தோடு பழகியவர்கள் சொல்லுங்கள்

சாம்பல்காரன்:
அக்கா மகள் சுற்றுச்சூழல் பொறியியல் படிக்கிறாள். போன வாரம் ஒரு மின் நிறுவனத்தின் ஆண்டறிக்கையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தூசி எவ்வளவு குறைந்தது, சாம்பலில் எத்தனை விழுக்காடு பயன்பட்டது, எந்த வருடத்துக்குள் எவ்வளவு சூரிய மின்சாரம் என்று பச்சை எழுத்தில் கட்டம் கட்டமாகப் போட்டிருந்தார்கள். "மாமா, முப்பது வருஷம் அனல் மின் நிலையத்துக்கு உள்ளேயே இருந்தீங்களே, இதெல்லாம் நிஜமா?" என்றாள். நிஜம்தான், ஆனால் என்று ஆரம்பித்தவன் காப்பி ஆறிப்போகும்வரை பேசிக்கொண்டிருந்தேன். அந்த 'ஆனால்' என்னிடம் மட்டும் இருக்காது. அதனால் இங்கே கேட்கிறேன். நிலையத்தின் பெயர், அதிகாரியின் பெயர் எதுவும் வேண்டாம். கண்ணால் பார்த்ததைச் சொன்னால் போதும்.

வடக்குத் தெரு:
நான் உள்ளே இருந்தவள் இல்லை, வெளியே இருந்தவள். எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் புகைபோக்கி நேரே தெரியும்.

சித்திரையில் வடாம் பிழிவது எங்கள் வீட்டில் பெரிய வேலை. விடிவதற்கு முன்பே ஜவ்வரிசிக் கூழ் கிளறி, பச்சை மிளகாயும் பெருங்காயமும் சேர்த்து அம்மா தயாராக வைத்திருப்பார். ஆனால் அதை உடனே மாடிக்குக் கொண்டுபோக மாட்டார். முதலில் வெறுங்கையோடு ஏறிப்போய், கைப்பிடிச் சுவரில் விரலால் ஒரு கோடு இழுப்பார். கோடு விழுந்தால் அன்றைக்கு வடாம் கிடையாது. இழுத்த விரலைக் கட்டைவிரலோடு தேய்த்துக்கொண்டே இறங்கி வருவார். முகப்பவுடர் மாதிரி வழுவழுவென்று, ஆனால் சாம்பல் நிறத்தில் இருக்கும். கிளறிய கூழ் அத்தனையும் எங்களுக்குக் காலைப் பலகாரம் ஆகிவிடும். எங்களுக்கு அது கொண்டாட்டம்தான், அம்மாவுக்குத்தான் வயிற்றெரிச்சல்.

பகலில் பார்த்தால் புகைபோக்கியில் ஒன்றுமே தெரியாது. ராத்திரியில்தான் திறந்துவிடுகிறார்கள் என்று தெருவே சொல்லும். சாம்பல்காரன் ஐயா, கேட்கிறேன் என்று கோபிக்காதீர்கள். வேண்டுமென்றே செய்ததுதானே?

சாம்பல்காரன்:
கோபம் எல்லாம் இல்லை அம்மா. திறந்துவிட அங்கே கதவு ஒன்றும் கிடையாது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் தெரு சொன்னது முழுப் பொய்யும் இல்லை.

ஒரு 210 மெகாவாட் யூனிட் முழு லோடில் ஓடினால் மணிக்கு ஏறக்குறைய 140 டன் நிலக்கரி எரியும். நம் நாட்டுக் கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். ஆக, மணிக்கு 50 டன் சாம்பல். பெரும்பகுதி புகையோடு மேலே போகப் பார்க்கும். அதைப் பிடிப்பதற்குத்தான் ஈ.எஸ்.பி. என்கிற தூசி பிடிக்கும் கருவி. மாடி வீடு உயரத்துக்கு வரிசை வரிசையாய் இரும்புத் தகடுகள், நடுவே உயர் அழுத்த மின்சாரம் பாயும் கம்பிகள். தூசி மின்னேற்றம் பெற்றுத் தகட்டில் போய் ஒட்டும். சுத்தியல்கள் தட்டத் தட்ட உதிர்ந்து கீழே ஹாப்பர் என்கிற புனல் தொட்டியில் விழும். ஹாப்பரை நேரத்துக்குக் காலி செய்ய வேண்டும். அதுதான் என் வேலை. குழாய் அடைத்துக்கொண்டால் சாம்பல் ஹாப்பரில் ஏறி, மேலே கம்பியைத் தொட்டு ஷார்ட் ஆகும், அந்தத் தகட்டு வரிசை (ஃபீல்டு என்போம்) நின்றுவிடும்.

ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு ஃபீல்டு போனால் என்ன செய்வோம்? பகலென்றால் ஆள் இருக்கும், வெல்டர் இருப்பார். ராத்திரியில் நானும் இரண்டு காண்டிராக்ட் பையன்களும்தான். கடப்பாரையால் ஹாப்பரைத் தட்டிக்கொண்டே இருப்போம். லோடு குறைக்கட்டுமா என்று கேட்டால் மேலிருந்து ஒரே பதில்தான் வரும்: "காலைல பாத்துக்கலாம்." காலையில் சரி செய்வோம். அதற்குள் உங்கள் அம்மா மாடியேறியிருப்பார்.

மாதச் சராசரியில் அந்த நான்கு மணி நேரம் கரைந்துவிடும். அறிக்கையில் வந்த எண் பொய்யில்லை.

இன்னொன்று. 2015 டிசம்பரில் கந்தக டை ஆக்சைடு, பாதரசம் எல்லாவற்றுக்கும் புதிய வரம்பு வந்தது. இரண்டு வருடத்தில் எல்லா நிலையமும் தயாராக வேண்டும் என்றார்கள். கெடு தள்ளித் தள்ளிப் போய், 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தகம் பிடிக்கும் கருவியே தேவையில்லை என்று ஆகிவிட்டது.

இரவு ஷிப்ட்:
நான் லோடு டெஸ்பாட்சில், அதாவது எந்த நிலையம் எவ்வளவு மின்சாரம் கொடுக்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில், இருந்தவன். எல்லோரும் புகைபோக்கியைத் திட்டுகிறீர்கள், நான் காற்றைப் பற்றிச் சொல்கிறேன்.

1986-இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் முதன்முதலாகக் காற்றாலை வைத்தபோது மொத்தமே ஒரு மெகாவாட் சொச்சம். இன்று முப்பந்தல், கம்பம், உடுமலைப் பக்கம் எல்லாம் சேர்ந்து ஆடியில் நல்ல காற்று அடித்தால் 4,000 மெகாவாட் சர்வசாதாரணமாகத் தாண்டும். கேட்கச் சந்தோஷமாக இருக்கும். கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து பாருங்கள்.

ஒரு ராத்திரி மாநிலம் முழுக்க நல்ல மழை. ஏ.சி. எல்லாம் அணைந்துவிட்டது, பம்புசெட்டும் ஓடவில்லை. தேவை சரசரவென்று இறங்குகிறது. அதே நேரம் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று ஏறுகிறது. தேவையைவிட உற்பத்தி கூடினால் ஃபிரீக்வென்சி ஏறும். அது 50-ஐத் தாண்டி 50.05, 50.08 என்று போகிறது. நீர்மின் நிலையங்களை நிறுத்தியாயிற்று. காடம்பாறை நீர்மின் நிலையத்தில் எந்திரங்களைத் திருப்பி ஓட்டி, மேல் ஆழியாற்றுத் தண்ணீரை மலைமேல் ஏற்றச் சொல்லியாயிற்று. அது அதிகபட்சம் 400 மெகாவாட்டைத்தான் விழுங்கும். மிச்சத்தை என்ன செய்வது?

அனல் நிலையத்துக்குப் போன் போட்டு இறக்கு என்றேன். 55 விழுக்காட்டுக்குக் கீழே போனால் பாய்லரில் தீ நிலைக்காது, எண்ணெய் பீய்ச்சி எரிக்கும் ஆயில் கன் போட வேண்டும் என்றார் ஷிப்ட் இன்சார்ஜ். நிறுத்தவும் முடியாது. நிறுத்தினால் திரும்ப எழுப்பப் பல மணி நேரம் பிடிக்கும், மறுநாள் மாலை உச்சத் தேவைக்கு யார் கொடுப்பது? கடைசியில் காற்றாலை சப்ஸ்டேஷன்களுக்குப் போன் போட்டு ஃபீடர் லைன்களைத் துண்டிக்கச் சொன்னேன். அந்தப் பக்கம் இருந்தவர், "சார், இங்க காத்து ஆளையே தூக்குது, இப்பப் போய் நிறுத்தச் சொல்றீங்களே" என்றார். இலவசமாய் வந்த காற்றை நிறுத்திவிட்டு, கரியோடு எண்ணெயும் சேர்த்து எரித்தோம். அன்றைக்கு என் கையால் நடந்தது இது.

இத்தனை ஆயிரம் மெகாவாட் நிறுவினோம் என்று ஒவ்வோர் அறிக்கையிலும் முதல் வரியாகப் போடுகிறார்கள். வாங்காமல் விட்டது எவ்வளவு என்று எங்கே போடுகிறார்கள், அந்தப் பெண்ணிடம் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

செங்கல்:
சாம்பல் செங்கல் தொழில் செய்கிறேன். சுருக்கமாகச் சொல்கிறேன். நிலையத்தின் சைலோவிலிருந்து (சேமிப்புக் கோபுரம்) வரும் உலர் சாம்பலுக்கு ஏக கிராக்கி, சிமென்ட் கம்பெனி பல்கர் லாரிகள் வரிசையில் நிற்கும். சிமென்டில் மூன்றில் ஒரு பங்குவரை அதைக் கலக்கலாம் அல்லவா. எங்களைப் போன்ற சின்ன ஆட்களுக்கு, தண்ணீரோடு கலந்து குளத்தில் விட்ட சாம்பல்தான். ஈரம், கட்டி, நடுவே கோரைப்புல் வேர் வேறு. 2021 கடைசியில் வந்த விதிப்படி நூற்றுக்கு நூறு பயன்படுத்தியாக வேண்டும், மிச்சத்துக்கு டன்னுக்கு 1,000 ரூபாய் அபராதம். அதன்பிறகு திடீர் மரியாதை, போன் போட்டுக் கூப்பிடுகிறார்கள். ஆனால் பள்ளமான நிலத்தில் கொட்டி நிரப்பினாலும் 'பயன்பாடு' என்றுதான் கணக்கு.

மாடி சோலார்:
அரசு மானியம் 78,000 ரூபாய் கிடைக்கிறதே என்று 3 கிலோவாட் போட்டேன். லைனுக்குக் கொடுத்ததையும் எடுத்ததையும் கணக்கிடும் நெட் மீட்டருக்கு அலைந்த கதை வேண்டாம், அது எல்லோருக்கும் தெரியும். நாளுக்குப் பன்னிரண்டு யூனிட் வருகிறது, குறையில்லை. ஒரு நாள் உச்சி வெயிலில் தெருவில் கரண்ட் போனது. எதிர்வீட்டுப் பெரியவர் வந்து எட்டிப் பார்த்தார். எங்கள் வீட்டிலும் ஃபேன் ஓடவில்லை. "மேல அவ்ளோ பெரிய பலகை இருக்கு, நீயும் விசிறிட்டு உக்காந்திருக்கியேப்பா?" லைனில் கரண்ட் இல்லையென்றால் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும், இல்லாவிட்டால் எங்கள் மின்சாரம் லைனுக்குள் போய், கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேன் உயிர் போய்விடும் என்று விளக்கினேன். பேட்டரி சேர்த்து வாங்கியிருக்க வேண்டும். பெரியவர் நம்பினாரா என்று தெரியவில்லை, போகும்போதும் சிரித்துக்கொண்டே போனார்.

வடக்குத் தெரு:
சாம்பல்காரன் ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடப்பாரை விஷயத்தில் கொஞ்சம் மனம் இளகிவிட்டார். ஆனால் ஒரு கேள்வி கேட்கச் சொன்னார்: ஐப்பசி, கார்த்திகையில் இவ்வளவு விழாது, சரியாகச் சித்திரையில் மட்டும் ஏன்?

சாம்பல்காரன்:
சித்திரையில் மாநிலம் முழுக்க ஏ.சி. ஓடும். யூனிட்டை ஒரு நாள் நிறுத்திப் பழுது பார்க்கக்கூட விட மாட்டார்கள். ஒன்றிரண்டு ஃபீல்டு போனபடியே முழு லோடில் ஓடும். ஐப்பசியில் மழை வேறு தூசியை அடக்கிவிடும். ஆடியில் காற்று ஏறி, இரவு ஷிப்ட் நண்பர் போன் போட்டு "இப்ப நிறுத்திக்கோங்க" என்று சொன்ன பிறகுதான் ஓவர்ஹால், முழுப் பராமரிப்பு. தகடு, கம்பி, சுத்தியல் எல்லாம் அப்போதுதான் மாற்றுவோம். ஆவணியில் பிழிந்திருந்தால் அம்மாவுக்குச் சுத்தமான வடாம் கிடைத்திருக்கும். ஆனால் அப்போது வெயில் எங்கே இருக்கிறது?