நிறமேறிய மார்கன் டாலர்: உங்கள் கையில் வந்ததைச் சொல்லுங்கள்

வெள்ளிநிலா (பென்சில்வேனியா):
நேராக விஷயத்துக்கு வருகிறேன். 1881-எஸ் மார்கன், அதாவது அமெரிக்காவின் பழைய வெள்ளி டாலர், எஸ் என்றால் சான் பிரான்சிஸ்கோவில் அடித்தது. ஸ்லாபில், அதாவது தரம் பார்த்து மூடிய பிளாஸ்டிக் கூட்டில் இல்லை, சாதாரண அட்டைச் சட்டத்தில் இருந்தது. தீயணைப்பு நிலைய மண்டபத்தில் நடந்த சின்னக் காசுக் கண்காட்சி அது. ஞாயிறு மதியம், பாதிப் பேர் பெட்டியைக் கட்டத் தொடங்கியிருந்தார்கள். முகத்துப் பக்கம், இடது ஓரத்தில் பிறை. விளிம்பில் நீலம், உள்ளே வர வர ஊதா, அப்புறம் செம்மை, மூக்கு நுனிக்குப் பக்கத்தில் தங்க மஞ்சள். அதற்கு மேல் வெறும் வெள்ளி. நீலத்துக்குள் கித்தான் பையின் இழை வரி வரியாகப் பதிந்திருந்தது. பையிலேயே பல வருடம் கிடந்து காசில் இப்படி நிறம் ஏறுவதைத்தான் பை டோனிங் என்கிறோம். நான் கையில் பிடித்த முதல் பை டோனிங் அதுதான்.

விற்ற பெரியவர் 90 டாலர் சொன்னார். கையில் 40தான் இருந்தது. "எடுத்து வையுங்கள், பணம் எடுத்து வருகிறேன்" என்று ஓடினேன். இருபது நிமிடம் இருக்கும். திரும்பி வந்தபோது மேசையில் ஒரு வாய் அகன்ற பாட்டில் திறந்திருந்தது, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர், கந்தக வாடை. பெரியவர் என் காசை மெல்லிய தாளில் ஒற்றிக்கொண்டிருந்தார். "உனக்காகப் பளிச்சென்று ஆக்கிவிட்டேன், அதே விலைதான்" என்று சிரித்தார். நல்ல மனிதர். அந்தச் சிரிப்பில் கள்ளம் இல்லை. நிறத்தைக் கரைக்க அந்தத் திரவத்துக்கு மூன்று விநாடி போதும் என்று உங்களுக்குத் தெரியும்.

நிறத்துக்காகத்தான் கேட்கிறேன் என்று நான் சொல்லவே இல்லை. சொன்னால் விலையை ஏற்றிவிடுவாரோ என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஏழு வருடமாகிறது. அது இன்னும் உறுத்துகிறது.

காவிரிக்கரை (நியூஜெர்சி):
வெள்ளிநிலா, படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. என்னுடையது 1887. பழைய ஆல்பத்திலிருந்து வந்தது, சுற்றிலும் ஆரஞ்சும் பச்சையுமாக ஒரு வளையம். படம் எடுக்க ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு அலுவலக அழைப்புக்குப் போனேன். அம்மா ஊரிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை என்று குங்குமச் சிமிழ், சந்தனக் கிண்ணம் எல்லாவற்றையும் திருநீறு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். முந்தானையில் துடைத்தபடியே கொண்டு வந்து நீட்டினார். "கருத்துக் கெடந்துச்சுடா, இப்பப் பாரு எப்படி மின்னுதுன்னு."

பூதக்கண்ணாடியில் பார்த்தால் வட்ட வட்டமாக மயிரிழைக் கீறல்கள். நன்றாக இருக்கிறது அம்மா என்று சொன்னேன். இன்று வரை வேறு எதுவும் சொல்லவில்லை.

மிண்ட்மார்க் (டெக்சாஸ்):
வெள்ளிநிலா, அந்தப் பெரியவர் செய்ததை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். அவர் தலைமுறைக்குப் பளபளவென்று இருந்தால்தான் காசு. 1881-எஸ் 1 கோடியே 27 லட்சம் அடித்தார்கள், இன்னொன்று கிடைக்கும். டோனிங் என்பது கடைசியில் வெள்ளி மேல் கந்தகம் ஏறிய கறைதான்.

எனக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். இணையத்தில் படத்தைப் பார்த்து ஒரு 1921-ஐ 310 டாலருக்கு வாங்கினேன். தரம் பார்க்க அனுப்பினேன். "நிறம் ஐயத்துக்குரியது", அதாவது செயற்கையாக ஏற்றியிருக்கலாம் என்று திரும்பி வந்தது. அவ்வளவுதான் கதை.

ஆனால் புதிதாக வருகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும். முதலில் நிற வரிசை. படலம் மெல்லியதாக இருக்கும்போது தங்க மஞ்சள். தடிக்கத் தடிக்கச் செம்மை, ஊதா, நீலம், அப்புறம் வெளிர்நீலம், மறுபடி மஞ்சள். நீலத்தை ஒட்டி வெறும் வெள்ளி வந்தால், இடையில் மஞ்சளும் செம்மையும் எங்கே போயின என்று கேளுங்கள். இரண்டாவது, ஒற்றை விளக்குக்குக் கீழே சாய்த்துச் சுற்றுங்கள். நிறத்துக்கு அடியில் ஒளி வண்டிச் சக்கரம் போலச் சுழல வேண்டும். நிறம் சாயம் பூசியது போல மேலே மிதந்தால் கீழே வையுங்கள். மூன்றாவது, எழுத்து, நட்சத்திரம் இவற்றின் ஓரத்தைப் பாருங்கள். இயற்கையில் ஏறிய நிறம் பல நேரம் அங்கே சற்று விலகி நிற்கும். அடுப்பில் சூடாக்கியதும் கந்தகத்தில் அவசரமாக வாட்டியதும் பள்ளம் மேடு பார்க்காமல் ஏறியிருக்கும். தேய்ந்த காசில் அப்பழுக்கில்லாத வானவில் இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள். பிவிசி உறையில் வைக்காதீர்கள், பச்சைப் பசையாகப் படியும். அப்படிப் படிந்திருந்தால் கலப்பில்லாத அசிட்டோன் போதும், அது டோனிங்கைத் தொடாது. பழுப்புக் காகித உறையும் வேண்டாம், அதிலுள்ள கந்தகம் கடைசியில் கருப்பாக்கிவிடும். விற்பவரின் படத்தை நம்பி வாங்காதீர்கள், வீடியோ கேளுங்கள்.

கார்சன்கனவு (நெவாடா):
மிண்ட்மார்க், உங்கள் குறிப்புகள் எல்லாம் சரி. ஆனால் "கறை" என்ற சொல்லை ஏற்க மாட்டேன். அந்த நிறத்தில் சாயமே இல்லை. சில்வர் சல்பைடு படலத்தின் மேற்பரப்பிலும் அடியிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று சேர்வதால் வருவது, சோப்புக் குமிழியில் வருகிற மாதிரி. அது உருவாகக் கருவூல நிலவறையில், ஆயிரம் காசு கொண்ட பையில், பல பத்தாண்டுகள் ஒரே இடத்தில் கிடந்திருக்க வேண்டும். பக்கத்துக் காசு மறைத்த இடம் வெள்ளையாகவே நின்றதால்தான் அந்தப் பிறை. இன்னொரு 1881-எஸ் கிடைக்கும், அந்தப் பிறை கிடைக்காது. இன்று வெள்ளையாக விற்கிற மார்கன்களில் எத்தனை திரவத்தில் முங்கி எழுந்தவை என்பதையும் யோசியுங்கள். ஒவ்வொரு முக்கிலும் மேற்பரப்பு கொஞ்சம் கரைகிறது, அந்தச் சக்கர ஒளியும் சேர்ந்து மங்குகிறது.

பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் ஒரு 1883-சிசி, அதாவது கார்சன் சிட்டியில் அடித்த மார்கன் இருக்கிறது. 1970களில் அரசாங்கம் தபாலில் விற்றபோது 30 டாலருக்கு வாங்கியது, அதே கருப்பு அட்டைப் பெட்டி, அதே பிளாஸ்டிக் கூடு. கழுகுப் பக்கம் விளிம்பெல்லாம் ரோஜா நிறம். போன மாதம் கூட்டை மேசையில் வைத்து, கையில் ஒரு திருகு முடுக்கியோடு உட்கார்ந்திருந்தார். "திறந்து துடைத்துவிடட்டுமா?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் இருவரும் அப்படியே இருந்தோம்.

பட்டறைத்தெரு (கோயம்புத்தூர்):
நான் மார்கனை நேரில் பார்த்ததில்லை, ரூபாய்தான் சேர்க்கிறேன். ஆனாலும் எழுதத் தோன்றியது. 1918-ஆம் ஆண்டின் பிட்மன் சட்டப்படி 27 கோடி வெள்ளி டாலர்களை அமெரிக்கா உருக்கியது. அதில் ஏறத்தாழ 25 கோடியே 90 லட்சம் டாலரின் வெள்ளி பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. எதற்கு? இந்தியாவில் ரூபாய் அடிக்க. போர்க்காலத்தில் நோட்டுக்கு ஈடான வெள்ளி இங்கே தீர்ந்துகொண்டிருந்தது.

எங்கள் அப்பத்தாவின் சுருக்குப் பையில் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் பதினொன்று இருந்தது. எல்லாம் 1918, 1919. துணியோடு ஒட்டிக் கிடந்த இரண்டில் மட்டும் மயில் கழுத்து நிறம். அக்கா மகளுக்குக் கொலுசு செய்ய வேண்டும் என்று மாமா பட்டறைக்குக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன், பன்னிரண்டு வயது. மூசையில் மேலே கிடந்தது அந்த நீல ரூபாய்தான். சூடு ஏறியதும் நீலம் ஒரு கணத்தில் போய்விட்டது, ராஜாவின் முகம் இன்னும் கொஞ்ச நேரம் நின்றது. அந்த வெள்ளி இரண்டாவது தடவை உருகுவதைப் பார்த்திருக்கலாம் என்று பிட்மன் பற்றிப் படித்தபோதுதான் தோன்றியது. கொலுசு இப்போதும் அக்கா வீட்டில் இருக்கிறது.

மிண்ட்மார்க் (டெக்சாஸ்):
கார்சன்கனவு, கறை என்றது கோபத்தில் வந்த சொல். 310 டாலர் போன எரிச்சல். ஆனால் நிறத்துக்குப் பத்து மடங்கு விலை கொடுப்பதை நான் இன்னும் ஏற்கவில்லை, அதைத் தனியாகப் பேசுவோம். வெள்ளிநிலா, கடைசியில் அந்தக் காசை வாங்கினீர்களா?

வெள்ளிநிலா (பென்சில்வேனியா):
வாங்கினேன். 90 டாலரையும் கொடுத்தேன், அவர் முகத்தைப் பார்த்த பிறகு பேரம் பேச மனம் வரவில்லை. பணம் எடுக்க ஓடுவதற்கு முன் செல்பேசியில் ஒரு படம் எடுத்திருந்தேன். மண்டபத்தின் குழல் விளக்கு, கொஞ்சம் கை ஆட்டம், பிறையின் கீழ்ப்பாதியை என் கட்டைவிரல் மறைத்திருக்கிறது. மேல் பாதியில் இழை தெரிகிறது. காசை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் படத்தையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்கிறேன்.