புது ஓஎஸ்க்கு எந்த பேக்கேஜ் சிஸ்டம்?

கேள்வி: நாங்க நாலு பேர் சேர்ந்து ஓப்பன் சோர்ஸ் ஓஎஸ் ஒண்ணு பண்றோம், கெர்னல் (ஓஎஸ்ஸோட மையப் பகுதி) லினக்ஸ் இல்ல. சாஃப்ட்வேர் இன்ஸ்டால், அப்டேட் பண்ற பேக்கேஜ் சிஸ்டத்துக்கு, ஃபெடோரா லினக்ஸ்ல இருக்கற ஆர்பிஎம் எடுக்கலாமா, இல்ல சொந்தமாவே எழுதிடலாமா?

பதில்: சொந்தமா மட்டும் வேணாம் ப்ரோ!! டூல் எழுதுறது ஈஸி, ஆயிரக்கணக்கான சாஃப்ட்வேருக்கு பேட்ச் (நம்ம ஓஎஸ்ல ஓட வைக்கற கோட் திருத்தம்) போட்டு பாத்துக்கறதுதான் தாவு தீந்துடும். நெட்பிஎஸ்டிங்கற ஓஎஸ்ஸோட பேக்கேஜ் சிஸ்டம் பேக்கேஜ்சோர்ஸ் (pkgsrc) பாருங்க, 1997ல ஃப்ரீபிஎஸ்டி ஓஎஸ்ஸோட போர்ட்ஸ்ங்கற பேக்கேஜ் சிஸ்டத்துல இருந்து பிரிஞ்சது, லினக்ஸ், மேக்னு பல ஓஎஸ்ல ஓடுது, மூணு மாசத்துக்கு ஒரு ஸ்டேபிள் பிராஞ்ச் (நிலையான பதிப்பு) வேற விடறாங்க.

பதில்: சரிதான், ஆனா உங்க ஓஎஸ்க்கு பைனரி (நேரா ஓடற ரெடிமேட் ஃபைல்) நீங்களேதான் பில்ட் பண்ணி வைக்கணும். நிக்ஸ்னு இன்னொரு பேக்கேஜ் சிஸ்டத்துல ரோல்பேக் (பழைய நிலைக்கு திரும்பறது) சூப்பர், ஆனா வழக்கமான டைரக்டரி அமைப்பையே மறந்துடணும்.

கேட்டவர்: அப்ப முதல்ல பேக்கேஜ்சோர்ஸ் எங்க ஓஎஸ்ல பூட்ஸ்ட்ராப் (முதல் தடவை பில்ட் ஆகி ஓட ஆரம்பிக்கறது) ஆகுதான்னு பாக்கறேன், எங்க லிப்சி (புரோகிராம்களுக்கு அடிப்படையான சி லைப்ரரி) பாதி கிணறுதான் தாண்டியிருக்கு 😅