காந்தம் ஒட்டினா போலி எவர்சில்வரா?

வைகைக்கரை: பாத்திரக் கடைக்குப் போனா பையில ஒரு காந்தம் இருக்கணும். ஒட்டினா போலி, ஒட்டலைன்னா அசல் 304, அதாவது நிக்கல் சேர்ந்த நல்ல தர எவர்சில்வர். அரசு விதியும் அதுதான்.

பட்டறைக்காரன்: எந்த விதி? 2024 மார்ச் 14 ஆணை எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்குச்சு. எவர்சில்வர் பாத்திரத்துக்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 14756. காந்தத்தை நம்பிப் போனா 202-ங்கிற மலிவான தரத்தை 304 விலைக்குத் தலையில கட்டிருவாங்க. நிக்கலைக் குறைச்சு மாங்கனீஸைக் கூட்டின 202-லயும் காந்தம் ஒட்டாது.

வைகைக்கரை: 304-ல ஒட்டுமா ஒட்டாதா? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

பட்டறைக்காரன்: தகடா இருக்கும்போது ஒட்டாது. அச்சுல அழுத்தி ஆழமா இழுத்தா உள்கட்டமைப்பு மாறி, விளிம்புலயும் மூலையிலயும் லேசா இழுக்கும். அதுக்காக அது போலி ஆயிடாது.

சமையல்கட்டு: 202 பாத்திரத்துக்கே தடை இருக்கே. புளிக்குழம்பு வெச்சா புள்ளி புள்ளியா அரிக்குது.

பட்டறைக்காரன்: தடை கிடையாதும்மா. நிக்கல் குறைஞ்ச பாத்திரத் தகட்டுக்குன்னே ஐஎஸ் 15997 இருக்கு. அரிக்கிறது உப்புல உள்ள குளோரைடு. பச்சைத் தண்ணியில கல்லுப்பைப் போட்டு அடியில கரையாம கிடக்க விட்டா 304-லயும் புள்ளி விழும். கொதி வந்த பிறகு போட்டுக் கிளறணும்.

சமையல்கட்டு: குக்கர் காஸ்கெட் விவாதத்துலயும் கடைக்காரங்களுக்குத்தான் வக்காலத்து வாங்கினீங்க. மறக்கலை.

பட்டறைக்காரன்: காஸ்கெட்டை ஏன் இங்க இழுக்கிறீங்க? 202-ஐக் கண்டுபிடிக்க மாங்கனீஸ் சோதனைத் திரவமும் 9 வோல்ட் பேட்டரியும் போதும். அடிப்பக்கத்தை அரத்தால சுரண்டி ஒரு சொட்டு விடுங்க. பேட்டரியோட பிளஸ் உலோகத்துல, மைனஸ் சொட்டுல, சில வினாடி. சிவந்தா 202 அடங்கின 200 வரிசை. எண்ணெய்ப் பிசுக்கு மேலயே விட்டா தப்பாக் காட்டும்.

நெல்லைச்சீமை: புதுப் பாத்திரத்தைச் சுரண்ட எந்தக் கடையில விடுவாங்க அண்ணாச்சி? நடக்கிற காரியமா? காந்தம்தான் தோது.

பட்டறைக்காரன்: அப்போ முத்திரைக்குக் கீழ இருக்கிற சிஎம்/எல்-ங்கிற உரிம எண்ணை, ஐஎஸ்ஐ முத்திரை தர்ற அமைப்போட பிஐஎஸ் கேர் செயலியில போடுங்க. உரிமம் யார் பேர்ல, எந்தப் பொருளுக்குன்னு வரும். முத்திரையைத் தப்பாப் போட்டா முதல் தடவையே 2 ஆண்டு வரை சிறை, இல்லைன்னா 2 லட்சத்துக்குக் குறையாத அபராதம்.

நெல்லைச்சீமை: தெருவுல எடைக்கு விக்கிற பாத்திரத்துல எண்ணைத் தேடவா?

பட்டறைக்காரன்: எண் இல்லைன்னா வாங்காதீங்க.

வைகைக்கரை: சுத்தி வளைக்காதீங்க. என் கரண்டியில காந்தம் பச்சக்குன்னு ஒட்டுது. அது போலியா இல்லையா?

பட்டறைக்காரன்: அது 430-ங்கிற இன்னொரு எவர்சில்வர் தரமா இருக்கும். குரோமியம் 16 முதல் 18 சதவீதம், நிக்கல் கிடையாது. இண்டக்‌ஷன் பாத்திரத்தோட அடித்தகடும் அதுதான். காந்தம் ஒட்டலைன்னா அடுப்பே பாத்திரத்தை ஏத்துக்காது. போலி இல்லை.

வைகைக்கரை: ஒட்டுது, 304 இல்லை. அதைத்தானே முதல்லேர்ந்து சொல்றேன்!