அஜிலிட்டி 60ல சிக்கிட்டேன்: 70 வரை சலிக்காம எப்படி ஏத்துறது? (ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் ஆன்லைன் கேம்)

தயிர்சாதம்:
மத்த ஸ்கில் எல்லாம் எப்படியோ ஏறிடுது. அஜிலிட்டி (ஓடித் தாண்டுற ஸ்கில்) மட்டும் 60வது லெவல்லயே நிக்குது. சீர்ஸ் ஊர்ல கூரை கூரையா தாண்டி ஓடுற பாதையில அஞ்சு லேப் (சுத்து) ஓடினாலே லாக் அவுட் பண்ணத் தோணுது. 99 வரைக்கும் இதேதானா? சலிக்காம ஓட வழி இருந்தா சொல்லுங்க. கிரேஸ்ஃபுல் செட் (ஓடுற தெம்பு சீக்கிரம் திரும்புற உடை) வாங்கியாச்சு. மேஜிக் 58.

கல்லுப்பட்டி வீரன்:
முதல்ல 99ங்கிற நினைப்பை விடுங்க ப்ரோ. 99க்கு 1,30,34,431 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) வேணும். 92 வரும்போதுதான் அதுல பாதியே முடியும். அந்த மலையை 60ல இருந்து அண்ணாந்து பார்த்தா யாருக்கும் கால் ஓடாது.

70ஐ மட்டும் பாருங்க. 60ல 2,73,742, 70ல 7,37,627. இடையில 4,63,885. சீர்ஸ்ல ஒரு லேப்புக்கு 570, ஆக சுமார் 814 லேப். ஒரு லேப் முக்கால் நிமிஷம்னு வெச்சா பத்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. ஒரு நாளைக்கு 40 லேப் ஓடினா மூணு வாரம்.

70 சும்மா ஒரு நம்பர் இல்ல. சாங் ஆஃப் தி எல்வ்ஸ்ங்கிற குவெஸ்ட்டுக்கு (கதையோட வர்ற பணி) அஜிலிட்டி 70 கட்டாயம். டாவர்லி டன்ஜன்ல நீல டிராகன்கிட்ட போற குழாய்க் குறுக்குவழியும் 70லதான் திறக்கும். எதுக்கு ஓடுறோம்னு தெரிஞ்சா ஓட்டம் இழுக்காது.

கூரை எலி:
லேப் கணக்கு சரிதான். ஆனா சீர்ஸ்ல அந்த 570ல 435ம் கடைசிக் குதிப்புலதான் வருது. முதல் அஞ்சு தடையும் சேர்ந்தே 135தான். நடுவுல விழுந்தா அடியும் பட்டு, லேப்பும் போய், கையில சில்லறைதான் மிஞ்சும். பாதி சலிப்பு இதுலதான் வருது. அதனால நேரத்தைப் பார்த்து நிறுத்தாதீங்க, லேப் முடிச்சு நிறுத்துங்க.

ரூன்லைட்ல (கேமை ஓட்டுற, கூடுதல் வசதி உள்ள சாஃப்ட்வேர்) அஜிலிட்டி ப்ளகினை ஆன் பண்ணுங்க. அடுத்த தடை கலர்ல தெரியும், இலக்குக்கு இன்னும் எத்தனை லேப்னும் காட்டும். லெவல் பார் நகராத மாதிரி இருந்தாலும் லேப் எண்ணிக்கை குறையுறது கண்ணுக்குத் தெரியும்.

மேஜிக் 58ங்கிறதால ஹை ஆல்கமியும் (பொருளைக் காயினா மாத்துற மந்திரம்) சேர்த்துப் போடலாம். ஒரு தடவைக்கு ஒரு நேச்சர் ரூன், அஞ்சு ஃபயர் ரூன் (ரூன்னா மந்திரத்துக்குச் செலவாகுற கல்) போகும், 65 மேஜிக் எக்ஸ்பி வரும். ஃபயர் ஸ்டாஃப் கையில இருந்தா ஃபயர் ரூன் செலவு இல்ல. யூ லாங்போ (நீள வில்) 768 காயின் தரும். வாங்குற விலையும் நேச்சர் ரூன் விலையும் சேர்ந்து அதைத் தாண்டினா வேற பொருள் பாருங்க. ஆல்கமி ஐகான் எந்த இடத்துல வருதோ அதே இடத்து ஸ்லாட்ல பொருளை வெச்சா மவுஸை நகர்த்தவே வேண்டாம். ஆல்ச் (ஆல்கமி) போட்டதும் அடுத்த தடையை மறுபடி கிளிக் பண்ணணும், இல்லன்னா ஆள் அப்படியே நிப்பான்.

மதியத் தூக்கம்:
ஒரே நாள்ல 40 லேப்னு கட்டாயம் வெச்சா ரெண்டு நாள் விட்டதும் கடன் மாதிரி ஆயிடும், அப்புறம் திறக்கவே மாட்டீங்க. பறவைக்கூடு (பறவை பிடிக்க வைக்கிற பொறி) நிரம்புற நேரத்தோட லேப்பைக் கட்டுங்க. ஃபாசில் ஐலண்ட்ல நாலு கூடு, ஒண்ணுக்கு பத்து மலிவான ஹாப் விதை, 50 நிமிஷத்துல நிரம்பிடும். கூடு வெச்சுட்டு லேப், நிரம்பினதும் கூடு. ஹன்டர் (வேட்டை ஸ்கில்) தானா ஏறும், நடுவுல ஒரு பயணமும் கிடைக்கும். மூலிகைப் பாத்தி வெச்சிருந்தா அது வளர 80 நிமிஷம்.

மார்க் ஆஃப் கிரேஸை (கூரையில பொறுக்குற டோக்கன்) கிரேஸ்ஃபுல் செட் வந்தாச்சுன்னு விட்டுடாதீங்க. பத்து மார்க்குக்கு ஒரு அமைலேஸ் பேக், அதுல நூறு கிரிஸ்டல். ஸ்டாமினா போஷன் (ஓடுற தெம்பு தர்ற மருந்து) பண்றவங்க வாங்குவாங்க.

கூரை எலி:
சீர்ஸே வெறுத்துப் போச்சுன்னா ஹாலோட் செபல்கருக்குப் (பொறி நிறைஞ்ச கல்லறை) போங்க. அஜிலிட்டி 52ல இருந்து தளம் தளமா திறக்கும். 62ல ரெண்டாவது, 72ல மூணாவது. அம்பு, வாள், நேர அவகாசம் எல்லாம் பார்த்து ஓடணும், தூங்கி விழ முடியாது. ஆனா முன்னாடி சின்ஸ் ஆஃப் தி ஃபாதர் குவெஸ்ட் முடிச்சிருக்கணும். அதுக்கு உட்கட்டிங் (மரம் வெட்டுறது) 62, ஃப்ளெச்சிங் (வில், அம்பு செய்யுறது) 60, கிராஃப்டிங் (கைவினை) 56ன்னு கேட்கும். டிவி பார்த்துக்கிட்டே ஓடுறவங்களுக்கு செபல்கர் ஒத்து வராது.

தயிர்சாதம்:
உட்கட்டிங் 55தான். அப்போ சீர்ஸ்தான் கதி. ஆட்டோ கிளிக்கர் (தானா கிளிக் பண்ற சாஃப்ட்வேர்) வெச்சா?

கல்லுப்பட்டி வீரன்:
வேண்டாம், அக்கவுன்டே போயிடும். அதுக்குப் பதிலா கேன்டரின் ஹார்ட் டைரியை (கேன்டரின் பகுதிக்கான பணிப் பட்டியல்) முடிங்க. கேமலாட் டெலிபோர்ட்டை (நொடியில இடம் மாத்துற மந்திரம்) சீர்ஸ் வங்கி முன்னாடியே இறங்குற மாதிரி மாத்தலாம், லேப் முடிஞ்சு திரும்ப ஓடி வர்ற தூரம் மிச்சம். ஒரு லேப்புக்கு ஒரு லா ரூன், அஞ்சு ஏர் ரூன். ஏர் ஸ்டாஃப் வெச்சா லா ரூன் மட்டும்தான். ஆனா ஆல்ச் போடுறப்ப ஃபயர் ஸ்டாஃப் கையில இருக்கும், அப்போ ஏர் ரூனைப் பைல எடுத்துக்கோங்க.