இதயப் பம்ப் வச்சவரை எஸ்டேட் வீட்டுல பார்த்துக்க முடியுமா?

மண்டோர் வீட்டம்மா, சுங்கை சிப்புட்:
வணக்கம். வீட்டுக்காரருக்கு இதயம் ரொம்ப பலவீனம். மாத்து இதயம் கிடைக்கிற வரைக்கும் உள்ள ஹார்ட்மேட் 3 பம்ப் வைக்கலாம்னு கோலாலம்பூர்ல டாக்டர் சொல்றாரு. எங்க லயத்துல காத்தடிச்சாலே கரண்ட் போயிடும். அப்போ பம்ப் நின்னுடுமா? தொட்டித் தண்ணிய மொண்டு மொண்டு ஊத்திக் குளிக்கிற மனுஷன் வேற.

வள்ளியக்கா, பீடோர்:
தங்கச்சி, என் தம்பிக்கு அதே பம்ப்தான். பகல்ல பேட்டரி, தூங்கப் போறப்போதான் சுவத்துக் கரண்ட். ரெண்டு பேட்டரியும் நிறைஞ்சிருந்தா 17 மணி நேரம் வரைக்கும் தாங்கும். ஒண்ணை மாத்தி முடிச்சப்புறம்தான் மத்ததைத் தொடணும். ஒரேயடியா ரெண்டையும் கழட்டவே கூடாது. ஜெனரேட்டர் இருக்கிற இடத்துல சார்ஜ் போட்டுக்க இப்பவே பேசி வை.

எனக்குக் கரண்டை விட, உள்ள இருக்கிற பம்போட வயர் வயித்துல வெளிய வர்ற இடம்தான் பயம். இழுபட்டா புண்ணாகி சீழ் வச்சிடும். அதனால பெல்ட் போட்டு அசையாம வச்சிருப்போம். கட்டு மாத்துறப்போ ஜன்னலைச் சாத்தி, காத்தாடியை நிறுத்தி, மாஸ்க், கையுறை போட்டுக்குவேன். வேர்த்துக் கொட்டும், அந்நேரம் பார்த்து யாராச்சும் நலம் விசாரிக்க வந்து நிப்பாங்க! குளியல், டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் துடைக்கிறதுதான். அப்புறமும் வெளிய இருக்கிற மெஷின், பேட்டரிக்குத் தண்ணி புகாத பை மாட்டி ஷவர் மட்டும். ஆறு, குளம் பேச்சே கிடையாது.

ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை குடுப்பாங்க. கீரையை நிறுத்தச் சொல்லல, ஆனா ஒரு வாரம் தொடாம மறு வாரம் கட்டுக்கட்டா தின்னா ரத்த டெஸ்ட் தாறுமாறாயிடும்.

பழைய டிரெஸர் (எஸ்டேட் மருத்துவ உதவியாளர்):
அம்மா, இந்தப் பம்ப் ரத்தத்தை விடாம தள்ளும். அதனால கையில நாடி சரியா கிடைக்காது, பிரஷர் மெஷினும் எரர் காட்டலாம். டாப்ளர்னு ரத்த ஓட்டத்தைச் சத்தமா கேக்க வைக்கிற கருவி வச்சுத்தான் பிரஷர் பார்ப்பாங்க. விஷயம் தெரியாத நர்ஸ் ஆள் போயிட்டாருன்னு பதறிடுவாங்க. ஆஸ்பத்திரி கடிதத்தை முன்கூட்டியே கிளினிக்ல காட்டிடுங்க.

நம்ம நாட்டுல முதல் இதய மாற்று 1997-லேயே கோலாலம்பூர் ஐ.ஜே.என்.-ல (தேசிய இதயக் கழகம்) நடந்திருச்சு. ஆனா தானம் குடுக்கிறவங்க கம்மி. 2007-ல ரெண்டு இதயம் அடுத்தடுத்து வச்சாங்களே டீ ஹுய் யீங்கிற 14 வயசுப் பொண்ணு, அதுவும் ஏறக்குறைய ஒரு வருஷம் இதய மெஷின்லதான் இருந்துச்சு. சீக்கிரம் கிடைச்சிடும்னு எண்ணிப் பம்ப் வைக்காதீங்க, நீண்ட நாள் பார்த்துக்கத் தயாராகுங்க.

மண்டோர் வீட்டம்மா:
ரொம்ப நன்றிக்கா, ஐயா. தூக்கத்துல கரண்ட் வயர் கழண்டா தெரியுமா?

வள்ளியக்கா:
மெஷின் கத்துற கத்துல லயமே எழுந்து வந்துடும்.